சின்னத்தைப் பார்த்து வாங்காதீர்: முதல் இத்தாலிய கிளாசிக் காரைத் தேர்ந்தெடுப்போருக்கு

பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும் என்னும் ஆசை பலருக்குச் சிறுவயதிலேயே முளைத்துவிடுகிறது. அறைச் சுவரில் ஒட்டிய படம், திரைப்படத்தில் கண்ட காட்சி, தெருவில் ஒருமுறை கடந்துசென்ற எஞ்சினின் ஓசை என அதற்கு ஏதேனும் ஒரு விதை இருக்கும். ஆண்டுகள் கழிகின்றன. உழைத்துச் சேர்த்த பணம் சிறிது கையில் நிற்கிறது. வீட்டுக் கடமைகள் பெரும்பாலும் நிறைவேறியிருக்கின்றன. அப்போது அந்தப் பழைய ஆசை தலைதூக்குகிறது. எதை வாங்குவது என்ற வினாவும் எழுகிறது.

இவ்வினாவுக்குப் பெரும்பாலோர் எதிர்பார்க்கும் விடை ஒரு பெயர். ஃபெராரியா, மாஸராட்டியா, ஆல்ஃபா ரோமியோவா என்றே பேச்சு தொடங்குகிறது. நான் இங்கே வலியுறுத்த விரும்புவது இதற்கு மாறானது. முதல் காரைத் தேர்வதில் பெயர் இறுதியில் வரவேண்டியது. முதலில் வரவேண்டியது, நம் கண்முன் நிற்கும் குறிப்பிட்ட அந்த ஒரு காரின் உடல்நிலை. பெரிய பெயரைத் தாங்கிய மிக மலிவான காரை வாங்குவதைவிட, எளிய பெயரைத் தாங்கிய மிகச் சிறந்த காரை வாங்குவதே அறிவுடைமை. இது பணத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று. நம் எண்ணத்தைப் பற்றியதும் ஆகும்.

ஆசையும் வீண்விரயமும்

ஓய்வு நாளில் மட்டுமே ஓட்டப்படும் ஒரு காருக்கு இவ்வளவு செலவு செய்வது தகுமா என்று நம் வாசகர்களில் பலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். வீண்விரயத்தையும் பகட்டையும் நாம் வெறுக்கக் கற்பிக்கப்பட்டவர்கள். ஆயினும் அழகிய கைவினையை ரசிப்பதும், பழைய பொருள் ஒன்றைப் பாழாகாமல் பேணுவதும் தம்மளவில் தவறாகா. கடமைகள் முடிந்தபின், கடன் வாங்காமல், தன் உழைப்பின் மிச்சத்தைக் கொண்டு ஒருவர் இதைச் செய்வாராயின் அவரைக் குறைகூற எனக்குக் காரணம் தோன்றவில்லை. வட்டிக்குப் பணம் வாங்கி இத்தகைய காரை வாங்குவதோ எந்தக் கணக்கிலும் சேராது. தேவையற்ற பொருளுக்காகத் தேவையற்ற சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்வதே அது.

ஆனால் ரசனைக்கும் பகட்டுக்கும் இடையிலான கோடு எங்கே விழுகிறது? கார் வாங்கும் முறையிலேயே அது விழுகிறது என்பது என் கருத்து. அண்டை வீட்டார் வியக்க வேண்டும் என்பதற்காகச் சின்னத்தைப் பார்த்து வாங்குபவர், பெரும்பாலும் பராமரிக்க இயலாத ஒன்றை வாங்குகிறார். அது சில மாதங்களில் கொட்டகையில் முடங்குகிறது. பணமும் போய், காரும் அழிகிறது. விரயம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. நன்றாக இருக்கும் காரைப் பொறுமையாகத் தேடி, தன்னால் பேணக்கூடியதை மட்டும் வாங்குபவரின் கையில் அதே பணம் ஒரு பொருளைக் காக்கிறது.

மலிவான ஃபெராரி என்னும் கண்ணி

சந்தையில் ஒரு வியப்பு உண்டு. எட்டாத உயரத்தில் இருப்பதாக நாம் எண்ணும் பெயர்களிலும், ஒப்பீட்டளவில் தாழ்ந்த விலையில் சில மாதிரிகள் கிடைக்கின்றன. 1980 முதல் 1993 வரை தயாரான ஃபெராரி மொண்டியால் அத்தகையது. நான்கு பேர் அமரும் பன்னிரண்டு சிலிண்டர் ஃபெராரி 400 மற்றொன்று. 1981 இல் அறிமுகமான மாஸராட்டி பைடர்போ நீண்ட காலம் மிக மலிவாகவே கைமாறிற்று. புதிய ஜப்பானியக் காரின் விலைக்கு ஃபெராரியா என்று மனம் துள்ளும்.

துள்ளுமுன் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். காலம் காரின் விலையைக் குறைத்திருக்கிறதே தவிர, அதன் பராமரிப்புச் செலவைக் குறைக்கவில்லை. பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினுக்கு இன்றும் பன்னிரண்டு சிலிண்டர்களுக்கான பாகங்களும் உழைப்பும் தேவை. 1989 இல் வந்த ஃபெராரி 348 மாதிரியில் டைமிங் பெல்ட்டை மாற்றுவதற்கே எஞ்சினைக் காரிலிருந்து வெளியே இறக்க வேண்டும். அந்த பெல்ட் கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டியது. விற்பவர் ஏன் விற்கிறார் என்று பார்த்தால், பல நேரங்களில் அடுத்த பெரிய சர்வீஸ் நெருங்கிவிட்டது என்பதே விடையாக இருக்கும். முந்தைய உரிமையாளர் தள்ளிப்போட்ட செலவுகள் அனைத்தும் புதியவரின் மடியில் விழுகின்றன. விலை குறைந்திருப்பதற்குக் காரணமே அதுதான். மிக மலிவான ஃபெராரியே மிகச் செலவு பிடிக்கும் ஃபெராரி என்று இத்துறையில் பழகியவர்கள் சொல்வது மிகையன்று.

காலப்போக்கில் விலை ஏறும், முதலீடாக இருக்கட்டும் என்பாரும் உளர். 1980களின் இறுதியில் ஃபெராரி விலைகள் விண்ணைத் தொட்டதும், 1990க்குப் பின் அவை சரிந்து பலரை வீழ்த்தியதும் நடந்த வரலாறு. விலை ஏறினாலும், இடைப்பட்ட ஆண்டுகளின் காப்பீடும் நிறுத்துமிடமும் பழுதுபார்ப்பும் அந்த இலாபத்தை அமைதியாகத் தின்றுவிடும். லாபத்துக்காக வாங்க விரும்புவோர் வேறு பொருளை நாடுவதே நலம்.

எளிய பெயர்களுக்குப் பின்னால் பெரிய கைகள்

எளிய காரை வாங்கினால் உண்மையான இத்தாலியக் கலையை இழந்துவிடுவோமோ என்ற ஐயம் எழலாம். அந்த ஐயத்துக்கு இடமே இல்லை. சான்றுகளைப் பாருங்கள்.

அவ்ரேலியோ லாம்ப்ரெதி என்னும் பொறியாளர் ஃபெராரியின் தொடக்க ஆண்டுகளில் அங்கே பணியாற்றியவர். 1952, 1953 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆல்பெர்தோ அஸ்காரி உலகப் பட்டம் வென்ற ஃபெராரி காரின் நான்கு சிலிண்டர் எஞ்சின் அவர் வடிவமைத்ததே. 1955 இல் அவர் ஃபியட்டுக்குச் சென்றார். அங்கே அவர் படைத்த இரட்டை கேம்ஷாஃப்ட் எஞ்சின்தான் 1966 இல் வெளிவந்த ஃபியட் 124 ஸ்போர்ட் ஸ்பைடரில் இடம்பெற்றது. அதே எஞ்சின் குடும்பம் பின்னர் ஃபியட் 131 அபார்த், லான்சியா 037, லான்சியா டெல்டா ஆகியவற்றின் வழியே உலக ராலிப் போட்டியில் தயாரிப்பாளர் பட்டத்தைப் பத்து முறை வென்றது. சாதாரணக் குடும்பங்கள் வாங்கக்கூடிய காரின் மூடிக்குள் இத்தனை பெருமை அடங்கியிருக்கிறது.

மார்செல்லோ காந்தினி பெர்த்தோனே நிறுவனத்தில் லம்போர்கினி மியூராவையும் கௌன்டாக்கையும் வரைந்தவர். கௌன்டாக்கின் முதல் மாதிரி 1971 இல் காட்சிக்கு வந்தது. அடுத்த ஆண்டு, 1972 இல், அதே கை வரைந்த ஃபியட் எக்ஸ் 1/9 விற்பனைக்கு வந்தது. எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால்; கூரையைக் கழற்றி முன்பக்கப் பெட்டியில் வைத்துவிடலாம். பந்தயக் காரின் அமைப்பை ஓர் எளிய ஃபியட் 128 காரின் உறுப்புகளைக்கொண்டு நிறைவேற்றிய அரிய வேலை அது.

ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர் 1966 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமானது. பினின்ஃபரினா நிறுவனத்தை நிறுவிய பத்திஸ்தா பினின்ஃபரினா அடுத்த மாதமே காலமானார். அவர் நேரடியாக ஈடுபட்ட இறுதிப் படைப்பாக அதைக் குறிப்பிடுவர். அதன் வட்டமான பின்பகுதியை இத்தாலியர் கணவாய் ஓடு என்றே செல்லமாக அழைக்கின்றனர். அதன் எஞ்சினோ 1954 இல் ஜூலியெத்தா ஸ்பிரிண்ட் காரில் தோன்றிய அலுமினிய இரட்டை கேம்ஷாஃப்ட் எஞ்சினின் வாரிசு. ஐந்து கியர்களும் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக்குகளும் அப்போதே அதில் இருந்தன.

ஆக, பெயர் எளியதாயினும் பின்னால் நின்ற கைகள் அவையேதாம்.

முதல் எதிரி துரு

இத்தாலிய கார் என்றதும் எஞ்சின் பழுதாகுமே, மின்சாரம் தகராறு செய்யுமே என்று அஞ்சுகின்றனர். அஞ்ச வேண்டியது அதற்கன்று. எஞ்சினைப் பிரித்து மீண்டும் கட்டுவதற்கு ஒரு கணக்கு உண்டு. தொடங்குமுன்னரே ஏறத்தாழ இவ்வளவு ஆகும் என்று சொல்லிவிடலாம். துருவுக்குக் கணக்கே கிடையாது. ஒரு தகட்டை வெட்டினால் அதன் பின்னால் மற்றொன்று பொடியாகி நிற்கும். அதை எடுத்தால் அதற்கப்பால் இன்னொன்று.

இதற்குக் காரணம் அக்காலக் கார்களின் அமைப்பிலேயே இருக்கிறது. அவற்றில் தனியான சேஸிஸ் இல்லை. அழுத்தி வார்த்த மெல்லிய எஃகுத் தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைத்துப் பெட்டி பெட்டியாக ஆக்கிய உடலே காரின் எலும்புக்கூடு. அந்தப் பெட்டிகளின் உட்புறத்துக்குப் போதிய பாதுகாப்புப் பூச்சு அப்போது தரப்படவில்லை. நீர் வடியும் துளைகள் சேற்றால் அடைபட்டதும் ஈரம் உள்ளேயே தங்கிற்று. வட ஐரோப்பாவில் குளிர்காலச் சாலைகளில் தூவப்படும் உப்பு எஞ்சிய வேலையை முடித்தது. மும்பையில் தயாரான பிரீமியர் பத்மினி, ஃபியட் 1100 இன் இந்திய வடிவம். அதைப் பல ஆண்டுகள் வைத்திருந்தோர் இதை எளிதில் புரிந்துகொள்வர். எஞ்சினை எந்தத் தெரு மெக்கானிக்கும் உயிர்ப்பித்துவிடுவார். அடித்தளத் தகடு அரித்துப்போனால் அத்துடன் அந்தக் காரின் கதை முடிந்தது.

துரு எங்கே ஒளிந்திருக்கும் என்பது மாதிரிக்கு மாதிரி மாறும். ஆல்ஃபா ஸ்பைடரில் கதவுகளுக்குக் கீழே முன்சக்கரம் முதல் பின்சக்கரம் வரை ஓடும் பெட்டிப் பகுதியே உயிர்நாடி. கூரையற்ற காராதலால் அதன் வலிமை முழுவதும் அப்பகுதியைச் சார்ந்தது. கால்மிதிக்குக் கீழான தளத்தையும், உதிரிச் சக்கரம் வைக்கும் குழியையும், ஜாக்கி வைக்கும் இடங்களையும் பார்க்க வேண்டும். ஃபியட் 124 ஸ்பைடரிலும் எக்ஸ் 1/9 இலும் சஸ்பென்ஷன் மேல்முனை உடலோடு பொருந்தும் இடங்கள் மிக முக்கியம். அங்கே அரிப்பு இருந்தால் விலகிவிடுவதே பாதுகாப்பு. லான்சியா ஃபுல்வியா கூப்பேயில் எஞ்சினையும் முன் சஸ்பென்ஷனையும் தாங்கும் துணைச்சட்டம் உடலோடு இணையும் இடங்களையும், பின்பக்கப் பட்டைச் சுருள்வில்லின் பிடிப்புகளையும் ஆராய வேண்டும்.

பார்க்கச் செல்லும்போது மூன்று எளிய பொருள்கள் போதும்: நல்ல டார்ச் விளக்கு, துணி சுற்றிய சிறு காந்தம், அழுக்கானால் கவலையில்லாத ஆடை. காந்தம் ஒட்டாத இடத்தில் எஃகுக்கு மேல் பட்டி பூசப்பட்டிருக்கிறது என்று பொருள். ஆனால் ஃபுல்வியாவின் தொடக்க ஆண்டுக் கார்களில் கதவுகளும் மூடிகளும் அலுமினியத்தால் ஆனவை என்பதையும் அறிந்திருக்க வேண்டும்; அங்கே காந்தம் ஒட்டாதது குறையன்று. புத்தம் புதிய வண்ணப்பூச்சு மகிழ்ச்சிக்குரியது அன்று, ஐயத்துக்குரியது. பூசுமுன் எடுத்த ஒளிப்படங்களைக் கேளுங்கள். இல்லை என்றால், எதை மறைக்கப் பூசினார்கள் என்ற கேள்வி உங்களோடு இருக்கட்டும். கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவுக்கும் உடலுக்குமான இடைவெளி மேலும் கீழும் சமமாக இல்லையெனில் உடல் தொய்ந்திருக்கக்கூடும். இயன்றால், அந்த மாதிரியில் பழகிய மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்து, காரை லிஃப்டில் ஏற்றிக் கீழிருந்து பார்க்கச் செய்யுங்கள். இப்பயணத்தில் நீங்கள் செய்யும் மிகச் சிக்கனமான செலவு அதுவே.

எஞ்சினும் ஏடுகளும்

உடல் தேறினால் அடுத்தது எஞ்சின். நீங்கள் வருமுன் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் தன் குறைகளைத் தானே பேசும். கிளம்பும்போது நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள். ஆல்ஃபாவில் எண்ணெய் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் போன்ற படிவு இருந்தால் ஹெட் கேஸ்கட்டை ஐயுற வேண்டும். ஓட்டும்போது மூன்றாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்குகையில் கரகரப்புக் கேட்டால், கியர்பாக்ஸில் அந்தக் கியரின் சின்க்ரோ தேய்ந்திருக்கிறது. இது ஆல்ஃபாக்களுக்குப் பழகிய நோய். காரை விட்டுவிட வேண்டிய காரணமன்று. விலையைக் குறைக்க வேண்டிய காரணம்.

ஆல்ஃபாவின் எஞ்சினில் டைமிங் செயின் இருக்கிறது. ஃபியட்டின் இரட்டை கேம்ஷாஃப்ட் எஞ்சினில் ரப்பர் பெல்ட் இருக்கிறது. பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளைந்து எஞ்சின் பாழாகலாம். எனவே ஃபியட்டில் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கான ரசீது இல்லையெனில், வாங்கியவுடன், நீண்ட தொலைவு ஓட்டுமுன், முதல் வேலையாக அதை மாற்றிவிட வேண்டும். பெட்ரோல் செல்லும் ரப்பர்க் குழாய்களையும் மாற்றிவிடுங்கள். இன்றைய பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் பழைய ரப்பரை அரிக்கும். அதனால் ஏற்படும் கசிவு தீயில் முடியக்கூடும்.

ஏடுகள் காரின் நினைவு. இத்தாலியில் இருந்த காராயின், அரசு வாகனப் பதிவேட்டிலிருந்து அதன் உரிமையாளர் வரிசையைக் காட்டும் சான்றைப் பெறலாம். 1966 இல் தொடங்கிய ஏ.எஸ்.ஐ. என்னும் பழங்கார் சங்கக் கூட்டமைப்பு வரலாற்று மதிப்புச் சான்றிதழ் அளிக்கிறது. பிரிட்டனில் இருந்த காராயின், 2005க்குப் பிந்தைய ஆண்டுச் சோதனைகளின் விவரம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஓடிய தொலைவு, தோல்வியுற்ற காரணம், எத்தனை முறை அரிப்பு என்று எழுதப்பட்டிருக்கிறது என்பவை அனைத்தும் அதில் உண்டு. ஆனால் 2018 மே முதல் நாற்பது ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு அங்கே அச்சோதனை கட்டாயமில்லை. ஆகையால் அண்மை ஆண்டுகளின் ஏடு வெறுமையாக இருந்தால், அதை நலத்தின் சான்றாகக் கொள்ளாதீர். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு காசும் தராதீர்.

யாருக்கு எது?

இனி என் பரிந்துரைகளைச் சொல்லலாம்.

முதல் காரை வாங்குவோருக்கு நான் முதலில் சொல்வது ஆல்ஃபா ஸ்பைடர். 1966 முதல் 1993 வரை நான்கு தொடர்களாக, 1 இலட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை தயாராயின. உதிரிபாகங்கள் ஏறக்குறைய அனைத்தும் இன்றும் கிடைக்கின்றன. அதை அறிந்த மெக்கானிக்குகளும் பல நாடுகளில் உள்ளனர். 1969 வரையிலான கணவாய் ஓட்டு வடிவத்துக்கு விலை மிக அதிகம். அதைத் துரத்த வேண்டியதில்லை. 1970 முதல் 1982 வரையிலான இரண்டாம் தொடரே அழகும் விலையும் சந்திக்கும் இடம். 1990 முதல் வந்த நான்காம் தொடரோ எரிபொருள் இன்ஜெக்ஷனும் பவர் ஸ்டீயரிங்கும் கொண்டது. இல்லத்தரசியும் பிள்ளைகளும் அச்சமின்றி ஓட்டக்கூடிய பழைய கார் வேண்டுமெனில் அதை எடுக்கலாம்.

இடப்புற ஸ்டீயரிங் தடையாக இல்லையெனில் ஃபியட் 124 ஸ்பைடர் அதற்குச் சற்றும் குறைந்ததன்று. தொழிற்சாலையில் அது வலப்புற ஸ்டீயரிங்குடன் தயாரிக்கப்படவே இல்லை. 1985 வரை தயாரானவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கே சென்றது. அங்கே வறண்ட மாநிலங்களில் வாழ்ந்த கார்களின் உடல் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். 1438 சிசியில் தொடங்கி 1995 சிசி வரை எஞ்சின் வளர்ந்தது. அமெரிக்காவுக்கென 1970களின் நடுவில் தயாரானவை புகைக்கட்டுப்பாட்டு விதிகளால் ஆற்றல் குறைந்தவை என்பதை நினைவிற்கொள்க.

கையிருப்பு மிகக் குறைவானவர்களுக்கு எக்ஸ் 1/9. உடல் நன்றாக இருக்கும் ஒன்று கிடைத்தால், அந்த விலையில் நடு எஞ்சின் காரின் சமநிலையைத் தரும் வேறொன்றைக் காண்பது அரிது. 1978 முதல் வந்த 1498 சிசி, ஐந்து கியர் மாதிரியே நெடுஞ்சாலைக்கு ஏற்றது.

பொறியியலை நுணுகி ரசிப்போருக்கு லான்சியா ஃபுல்வியா கூப்பே. 1965 முதல் 1976 வரை வந்தது. குறுகிய கோணத்தில் அமைந்த நான்கு சிலிண்டர் எஞ்சின், முன்சக்கர இயக்கம் என்று யாரையும் பின்பற்றாத கார். 1972 இல் சாந்த்ரோ முனாரி மான்டி கார்லோ ராலியை வென்றது இதில்தான். ஆனால் பாகங்களின் விலை ஃபியட்டைவிட அதிகம். அறிந்த மெக்கானிக்கும் அரிது. அருகில் அத்தகையவர் இருந்தால் மட்டுமே முதல் காராக இதை எடுக்கலாம்.

எந்தக் காராயினும், கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர். ஐந்தில் ஒரு பங்கையேனும் முதலாண்டுப் பணிகளுக்கென ஒதுக்கி வையுங்கள். டயர், பிரேக் குழாய்கள், பெல்ட், திரவங்கள் என ஒவ்வொன்றாக அது செலவாகும்.

மறுப்போருக்கு ஒரு சொல்

பழுதான காரை மலிவாக வாங்கி, தாமே சீராக்கிக் கற்றுக்கொள்ளலாமே என்று சிலர் வாதிடுவர். கைத்திறனும் இடமும் ஓய்வு நேரமும் உள்ளவருக்கு அது நல்ல வழியே. ஆனால் பற்றவைக்கும் வேலை தெரியாதவருக்குத் துருப்பிடித்த கார் பள்ளிக்கூடமாக அமையாது. பிரித்துப்போட்ட நிலையில் பெட்டிகளோடு விற்பனைக்கு வரும் கார்கள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் பாதியில் நின்ற நம்பிக்கை. ஓடுகின்ற காரை வாங்கி, ஓட்டியபடியே சிறு வேலைகளைக் கற்பவர் அதிகம் கற்கிறார், தளர்வதும் இல்லை.

இத்தனை தொல்லை எதற்கு, 1989 இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 போதாதா என்பார் மற்றொருவர். நாள்தோறும் நம்பி ஓட்ட வேண்டுமெனில் போதும்; அவருக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். தொல்லையைத் தெரிந்தே ஏற்று, அதிலும் ஓர் இன்பம் காண்பவருக்கே இத்தாலிய கார்.

வாங்கியபின்

இன்னொன்றும் உண்டு. இன்று வாங்குபவர் நாளை விற்பவராவார். பொருளின் குறையை மறைத்து விற்பதை நம் மார்க்கம் வன்மையாகக் கண்டிக்கிறது என்பதை நாம் அறிவோம். பழைய கார் வணிகத்தில் அந்தப் பாடம் கண்கூடாக விளங்குகிறது. பட்டிக்குக் கீழே மறைந்திருக்கும் ஓட்டை, ரப்பர் விரிப்புக்குக் கீழே அரித்துப்போன தளம் இவையெல்லாம் ஏமாற்றுவது பணத்தை மட்டுமன்று. வளைவில் உடல் முறிந்தால் உயிரே போகும். ஆகவே செய்த வேலைகள் அனைத்தின் ரசீதையும் ஒளிப்படத்தையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். விற்கும் நாளில் நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே அதை அடுத்தவரிடம் கொடுங்கள். அந்தக் கார் நம் கையில் சில காலம் இருக்கும் ஓர் அமானிதம் என்று எண்ணுவோர் அவ்வாறே செய்வர்.

அவசரம் வேண்டாம். போலோஞ்ஞாவில் இலையுதிர்காலத்தில் நடைபெறும் பழங்கார் கண்காட்சி போன்ற இடங்களுக்குச் சென்று பத்து ஸ்பைடர்களின் அடியில் குனிந்து பாருங்கள். அந்தந்த மாதிரிக்குரிய சங்கத்தில் உறுப்பினராகி, ஏற்கெனவே வைத்திருப்போரிடம் கேளுங்கள். பிடிக்காத காரை விட்டு எழுந்துவரும் துணிவை வளர்த்துக்கொள்ளுங்கள். அழகில் மயங்கி நிற்கும் வேளையில் அது எளிதன்று. ஓராண்டு தேடினாலும் இழப்பில்லை. இக்கார்கள் அரை நூற்றாண்டு காத்திருந்தவை. உறுதியான உடலும் நேர்மையான ஏடும் உடைய எளிய ஒன்று உங்கள் கண்ணில் படும்வரை நீங்களும் காத்திருக்கலாம்.